குழாயில் நான்கு மணி

க்தீனியா கப்பல் தளத்தின் பின்பக்கம்
பயிற்சிக் கொட்டகை எண் ஏழு.
பிப்ரவரி. பால்டிக் காற்று
தகரக் கதவை உதைத்துவிட்டுப் போகிறது,
கொடுத்த கடனைக் கேட்டு வந்தவன்போல.

யாகொதா ஷூல்ட்ஸ், வயது நாற்பத்து மூன்று,
வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
எக்ஸ்ரே படத்துக்குக் காத்திருக்கிறாள்.
பதினோரு வருஷம் ஹெர்ரிங் மீனைக்
கடுகோடு சேர்த்துப் புட்டியில் அடைத்தவள்.
ஆலை மூடிய அன்று
கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்;
விரலில் வினிகர் வாசம் மட்டும்
வேலையை விட மறுத்தது.

இப்போது இரும்புக் குழாய்.
வாய்க்கு வாய் வைத்த இரண்டு துண்டுகள்.
அடியில் ஆறு மணியில் தொடங்கி
உச்சியில் பன்னிரண்டு வரை
நெருப்பால் தைத்துக்கொண்டே ஏற வேண்டும்,
முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.
பற்ற வைத்தல் என்கிறோம்,
தீக்கும் அதே சொல், சேர்ப்பதற்கும் அதே சொல்.
அவளுக்குத் தீ பற்றியது.
சேர்க்கைதான் பற்றவில்லை.

பொகுமிவ் படத்தை விளக்கில் வைக்கிறான்.
சொற்களில் கஞ்சன்.
மஞ்சள் பென்சிலால் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் கறுப்பாய் நாலைந்து புள்ளி,
உருகிய இரும்பு விழுங்கிய காற்று.
கடுகளவுதான்.
கடுகு சிறுத்தாலும் கப்பல் மூழ்கும்.

இது நான்காவது முறை.

ராதெக் முதல் தடவையே தேறிவிட்டான்.
கைராசி என்றார்கள்.
எப்படிச் செய்தாய் என்று கேட்டால்
தோளைக் குலுக்குவான்.
பாவம், ஒளிக்கவில்லை,
அவனுக்கே தெரியாது.

எனக்கு வராது.
தமிழில் இப்படித்தான் சொல்வோம்,
கணக்கு வராது, நீச்சல் வராது,
ஏதோ அது ஒன்பதாம் நம்பர் பேருந்துபோலவும்
நாம் நிறுத்தத்தில் கால்கடுக்க நின்றதுபோலவும்.
அவள் மொழியில் அதற்கு என்ன சொல்லோ.
வீடு திரும்பும் ரயிலில்
அந்தச் சொல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து
முழங்கால் இடிக்க வந்தது.

ஐந்தாம் மாடி. சமையலறை.
நான்கு படங்களையும் ஈரம் தொட்டு
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுகிறாள்.
வெளியே பனியின் வெளிச்சம்.
தற்செயலாக ஒன்று நழுவி
இன்னொன்றின்மேல் விழுகிறது.
கடுகின்மேல் கடுகு.

மூன்றாவதையும் வைத்துப் பார்க்கிறாள்.
நான்காவதையும்.

எல்லாம் ஒரே இடம். நான்கு மணி.
குச்சி தீர்ந்து புதுக் குச்சி எடுக்கும் இடம்.
குந்தியிருந்தவள் எழும் இடம்.
எழும்போது மூச்சைப் பிடிப்பாளே,
கை அவசரப்படுமே, அந்த இடம்.

"சூப் ஆறுது" என்கிறாள் மகள் கலினா.
"ஆறட்டும்."
நாலு தடவை தோற்றதாக நினைத்திருந்தேன் என்று
யாரிடமோ சொல்கிறாள்,
ஒரே இடத்தில்தான் நாலு தடவை இருந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவள் குழாய் எதையும் முடிக்கவில்லை.
நான்கு மணிக்கு வருவாள், நிறுத்துவாள்,
குச்சி மாற்றுவாள், எழுவாள்,
மூச்சு விடுவாள், தொடங்குவாள்.
வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி நான்கு மணி.
பழைய இரும்பை வீணாக்குகிறாள் என்று
கிடங்குக்காரர் நோட்டில் எழுதினார்.
முப்பத்தோரு துண்டு. எண்ணிக்கை சரிதான்.

மார்ச் ஆறு. ஐந்தாம் படம்.
நான்கு மணி வழுவழுவென்று
வெண்ணெய் தடவினதுபோல்.
பொகுமிவ் தலையாட்டத் தொடங்கி
பாதியில் நிறுத்துகிறான்.
பென்சில் எடுக்கிறான்.
மறுபக்கம், ஒன்பது மணியில்,
ஒற்றைக் கடுகு.

கொட்டகை அவள் முகத்தைப் பார்க்கிறது.

யாகொதா குனிந்து பார்க்கிறாள்,
நெடுநேரம்,
புதிதாகக் குடிவந்தவரைப் பார்ப்பதுபோல.
சிரிப்பு வந்துவிடுகிறது.
"இங்கே நான் வந்ததே இல்லையே."

வியாழக்கிழமை இடம் இருக்கிறதா என்று கேட்டு
முகமூடியை இறக்கிக்கொள்கிறாள்.